இன்ஷியல் இல்லாத பாத்திரங்கள்

டிக். டிக். டிக்கிடிக்.

எவர்சில்வரின் மேல் சின்ன உளி நடக்கும் சத்தம். மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுவதுபோல என்று எழுதிப் பார்த்தேன். மழைக்கு இந்த ஒழுங்கு கிடையாது என்று அடித்துவிட்டேன். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் ஓர் எழுத்து. எழுத்துகள் சேர்ந்தால் ஒரு மனுஷி.

சென்ற வார அத்தியாயத்தை, கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் வைக்கோல் வண்டி சிக்கிக்கொண்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அந்த வண்டியைத் தண்டவாளம் தாண்ட வைப்பதாகத்தான் எண்ணம். நடுவில் ஒரு பாத்திரக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. தெரிந்தவர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம், ஒரு சின்னக் கிண்ணம் வாங்கினேன். கடைக்காரர் மின்சாரப் பேனாவை எடுத்து 'ஙீ' என்று ஓர் இழுப்பு இழுத்தார். பெயர் விழுந்துவிட்டது. அந்த ஙீக்கு அடியில் எனக்கு மட்டும் பழைய சத்தம் கேட்டது.

வண்டி கேட்டிலேயே நிற்கட்டும். மாடுகள் பொறுத்துக்கொள்ளும்.

ஒரு வேப்பமரம். அதன் பாதி இலை கருகியிருக்கிறது, மீதிப் பாதி இளம்பச்சையாகத் துளிர்த்திருக்கிறது. கீழே கோணிப்பை விரித்து, பெயர் வெட்டும் பாய் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிப் பெண்கள். சுற்றிலும் தீ தின்ற மண்சுவர்கள். நான் கையில் சாக்பீஸோடு முழங்காலிட்டிருக்கிறேன். ஒரு பெரிய குண்டானின் வயிற்றில் ஒரு பெயரை எழுதுகிறேன்.

அந்தக் குண்டான் என் கல்யாணச் சீர். எழுதிய பெயர் என்னுடையது அல்ல.

சொம்பாகிப்போன பேண்ட்

எங்கள் அம்மாவின் பெயர் எஸ்தர். அவளுக்கு இரண்டு பக்திகள் இருந்தன. ஒன்று கர்த்தர்மேல். மற்றது எவர்சில்வர்மேல். எது முதல் என்று கேட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிலும் திங்கட்கிழமை வேறு பதிலும் வரும்.

அவள் குற்றமில்லை. மண்சட்டியில் கஞ்சி குடித்து வளர்ந்தவள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவள். அவளும் தனமும் ஒரே வரிசையில் நடுவார்களாம். தனம் இடதுகைக்காரி, அம்மா வலதுகைக்காரி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடம்கூடக் காலியாக விழாது என்று பண்ணைக்காரரே சொல்வாராம். தனம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள், அம்மா வேதக் கோயிலில் கீர்த்தனை பாடுகிறவள். வரப்பில் உட்கார்ந்தால் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பாடு.

பிறகு ரயில் பாதை ஓரமாகத் தொழிற்சாலைகள் வந்தன. நட்ட வயலிலேயே இரும்புத் தூண் நட்டார்கள். எங்கள் நைனா பவுல், இரும்பு உருக்கும் இடத்தில் நிரந்தர வேலையில் சேர்ந்தார். தனத்தின் புருஷன் ஏழுமலை அதே கேட்டுக்குள் கான்ட்ராக்ட் கூலியாகப் போனார். கேட் ஒன்றுதான், ஆனால் உள்ளே போகும்போது ஒருவருக்குக் காக்கி யூனிஃபார்ம் இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

காக்கியைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. தொழிற்சாலை வருஷா வருஷம் நைனாவுக்குப் புது யூனிஃபார்ம் கொடுக்கும். பழையதை அம்மா விட்டுவைக்க மாட்டாள். துணிக்குப் பாத்திரம் தருகிற வியாபாரி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் குரல் கொடுத்தால் போதும், கொடியில் காய்கிற பேண்ட்டுக்கே ஆபத்து.

"எஸ்தரு, என் பேண்ட்டு எங்கே?"

"தோ, தண்ணி குடிக்கிறியே, அதான்."

நைனா கையிலிருந்த சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நாளிக்கு இடுப்புல இத்த கட்டிக்கினு போவட்டுமா வேலைக்கு?"

இப்படித்தான் எங்கள் ஒற்றை அறை வீட்டின் சுவர்கள் மெல்ல மெல்ல வெள்ளியாயின. பலகைத் தட்டுகள் கூரைவரை ஏறின. அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் சட்டி, சட்டிக்குள் கிண்ணம். நாங்கள் மூன்று பேர். சாப்பாட்டுத் தட்டுகளோ ஒரு சபைக்கே இலை போட்டதுபோல. ரயில் போகும்போதெல்லாம் வீடு முழுவதும் மெல்லிசாகச் சிலிர்த்து ஒலிக்கும். கல்யாண வீட்டில் வளையல் குலுங்குகிற மாதிரி. அந்தச் சத்தத்துக்காகவே அம்மா சில சமயம் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிற்பாள்.

பெயர் வெட்டாத பெட்டி

எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். 'ப. எஸ்தர்.' பாத்திரத்தின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக. எங்கள் பக்கத்தில் அப்போது பெயர் வெட்டாத பாத்திரம் என்பது கயிறு கட்டாத மாடு. கல்யாணத்துக்கு இரவல் போனால் யார் வீட்டுக்குத் திரும்பும் என்று தெரியாது.

ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. வைக்கோல் போட்டு அடுக்கியது. அதில் இருந்தவை எல்லாம் புத்தம் புதியவை, கனமானவை. ஒன்றிலும் பெயர் கிடையாது.

காரணம் நான்தான். அது என் சீர். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து சேர்ந்தது. என் பெயர் ரூபி என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் எந்த எழுத்து வரப்போகிறது என்பது யாருக்கும் தெரியாது. அப்பன் இன்ஷியலை வெட்டிவிட்டால் புகுந்த வீட்டில் என்ன சொல்வார்கள்? அதனால் மாப்பிள்ளை அமையும்வரை அந்தப் பாத்திரங்கள் பெயரில்லாமல் காத்திருந்தன. எங்கள் தெருவில் பெண் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி காத்திருந்தது.

இந்தக் கதை நடந்த வருஷம், அந்த எழுத்து தெரிந்துவிட்டது. வேப்பம்பட்டில் இடம் பேசி நிச்சயமாகியிருந்தது. பண்டிகை கழிந்ததும் பாயைக் கூப்பிட்டு எல்லாவற்றிலும் வெட்டிவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் யாரும் இல்லாதபோது பெட்டியைத் திறந்து, பெரிய குண்டானின் வயிற்றில் அந்தப் புது எழுத்தையும் என் பெயரையும் விரலால் எழுதிப் பார்ப்பேன். மூச்சு விட்டு எழுதினால் கொஞ்சநேரம் தெரியும். பிறகு மறையும்.

ஓலை எரிந்த மத்தியானம்

லெந்து நாட்கள், எங்கள் தவக்காலம். வெயில் தண்டவாளத்தின்மேல் நெளிந்துகொண்டிருந்தது. பாதைக்கு அந்தப் பக்கம் தனத்தின் தெரு, அத்தனையும் பனையோலை. எஞ்சினிலிருந்து விழுந்த பொறி என்றார்கள் சிலர், அடுப்புப் பொறி என்றார்கள் சிலர். தீ யார் பேச்சையும் கேட்கவில்லை. நாங்கள் குடங்களோடு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் தெரு முடிந்திருந்தது.

உயிர் போகவில்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம்.

சாம்பல் ஆறியதும் தனத்தின் வீட்டுக்குள் போனோம். வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். மண்பானைகள் வெடித்துக் கிடந்தன. அவள் ஆசையாக வைத்திருந்த அலுமினியக் குண்டான் உருகி, தரையில் உறைந்த நெய்யைப்போல வட்டமாகப் படிந்திருந்தது. தனம் அதைக் குச்சியால் நெம்பி எடுத்தாள். கையில் வைத்துப் பார்த்தாள்.

"பாத்தியா எஸ்தரு, தோசையாப் பூடுச்சு," என்றாள். சிரித்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அந்த ஞாயிறு எங்கள் போதகர் அதிகம் பேசவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்ற வேதப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அம்மா நெளிந்துகொண்டே கேட்டாள். இரண்டு என்ன, அவளிடம் சொம்பே எத்தனையோ.

மறுநாளே தட்டுகளிலிருந்து பாத்திரங்கள் இறங்கின. ஒவ்வொன்றாகத் துடைத்து, கோயில் முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். எரிந்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டான், தட்டுகள், டம்ளர், ஒரு தூக்கு. தனத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு அடுக்கு டிபன் கேரியர். சபையார் வாய்பிளந்து பார்த்தார்கள். போதகரின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நானும் பிரமித்துத்தான் நின்றேன். எங்கள் சுவர் திரும்பவும் சுவராகத் தெரிந்தது. ரயில் போனபோது வீடு சத்தம் போடவில்லை.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தோன்றவே இல்லை. எங்களுக்குப் பாத்திரம் என்றாலே பெயரோடு கூடியதுதான். வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாது என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். அம்மா கொடுத்ததை அந்தத் தெருவில் ஒவ்வொரு தட்டும் அறிந்திருந்தது. விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக.

டிபன் கேரியர்

முதலில் தனம் எங்கள் வீட்டுப் பக்கம் வருவது நின்றது. பிறகு குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்குப் புரியவில்லை. வீடு கட்டுகிற வேலையில் இருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் காலை நாஷ்டா நேரம். வாசலில் கோணிப்பை ஒன்று தொப்பென்று விழுந்தது. உள்ளேயிருந்து எவர்சில்வர் அலறியது. தனம் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தா. உன் சாமானு. சரியா இருக்குதா பாத்துக்கோ."

"இன்னாமே இது? ஏம்மே கொண்ணாந்து போடுறே?" அம்மா எழுந்து வந்தாள்.

"ஏனா? எம் புருசன் மத்தியானம் சோறு துன்னு எத்தினி நாளாவுதுன்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா தட்டைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது.

தனமே சொன்னாள். தொழிற்சாலையில் மத்தியானம் எல்லோரும் வரிசையாகக் கேரியரைத் திறப்பார்கள். ஏழுமலை திறந்தார். மூடியில் 'ப. எஸ்தர்'. பக்கத்திலிருந்தவன் வாசித்தான்.

"'இன்னா ஏழுமல, பவுலு ஊட்டுச் சோறு மணக்குது'ன்னானாம் ஒருத்தன். 'எஸ்தரம்மா உனக்கும் கட்டிக் குடுக்குதா'ன்னானாம் இன்னொருத்தன். அந்த ஆளு அங்கியே கேரியர மூடிட்டாரு. இப்போ வெறும் டீயோட கெடக்குறாரு. அடிச்சாக்கூட திருப்பி அடிக்கலாம் எஸ்தரு. துன்றதப் பாத்துச் சிரிச்சா இன்னா பண்றது?"

"அய்யோ, நான் நல்லதுக்குத்தானே..."

"நல்லதுக்குத்தான். யாரு இல்லன்னா?" தனத்தின் குரல் இறங்கியது. "நீயும் நானும் ஒரே தூக்குல துன்னவங்க. அப்ப அதுல யாரு பேரு இருந்துச்சு? இப்ப நான் கஞ்சி ஊத்திக் குடிச்சா, அடியில நீ கெடக்குறே. எங்க தெருவுல எவ ஊட்டுக்குப் போனாலும் நீதான் கெடக்குறே. ஊரு பூரா உன்னயே கழுவிக் கவுத்துக்கினு இருக்கோம்."

அவள் போய்விட்டாள். அம்மா கோணிப்பையின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நைனா வேலைக்குக் கிளம்பும்போது, அந்தக் கேரியர் மூடியை மட்டும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். தொழிற்சாலைச் சாணைக்கல்லில் பிடித்துப் பெயரைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். புள்ளிகள் ஆழமானவை. தேய்க்கத் தேய்க்கப் பெயர் மங்கியது, மூடியும் மெலிந்தது. கடைசியில் பெயர் போயே போய்விட்டது. அந்த இடத்தில் ஓட்டை. நைனா அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். எஸ்தர் இருந்த இடத்தின் வழியாக வெளிச்சம் வந்து அம்மாவின் முகத்தில் விழுந்தது.

"பேஜாரா பூடுச்சு," என்றார் நைனா.

அம்மா கண்ணைச் சுருக்காமல் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கேள்வி

வரிசை தவறாமல் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு காணிக்கைப் பெட்டியைப் பற்றிய வேதப்பகுதி வந்தது. ஏழை விதவை ஒருத்தி தன்னிடமிருந்ததையெல்லாம் போட்டாள், மற்றவர்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள் என்று வருமே, அது. கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போன பகுதி. எனக்குக் கொட்டாவி வந்தது. பக்கத்தில் அம்மா விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். புடவைகூட மாற்றவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

"ரூபி, இங்க வா."

போனேன். மூடியைத் திறந்தாள். வைக்கோல் வாசனை. உள்ளே அந்தப் பெயரில்லாத வெளிச்சம்.

"நான் எத்த குடுத்தேன் சொல்லு? சொட்ட விழுந்தது, கைப்பிடி ஆடறது, எனக்கு வோணாங்கறது. அத்தக் குடுத்துட்டு பெருசா குடுத்தவ மாதிரி கோயில்ல நின்னேன். நல்லத இங்க வெச்சுக்கினேன். மிச்சத்தப் போட்டவ நானு."

"அம்மா, அது என்னோடது."

"ஆமா. உன்னோடதுதான். அதாங்காட்டி உன்னக் கேக்குறேன். என்னோடதா இருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

நைனா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வேப்பம்பட்டுக்காரங்களுக்கு இன்னா பதில் சொல்லுவே? பொண்ணு வெறுங்கையோட போவுமா?"

"வெறுங்கையோட இல்ல. எம் பேரு வெட்டினது எல்லாம் திரும்பி வரும். அத்த எடுத்துக்கினு போவட்டும். சம்மந்தி ஊட்டுல என் பேரு இருந்தா யாரு சிரிப்பா? பெத்தவ பேருதானே."

"நிச்சயம் முறிஞ்சுட்டா?"

 அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்களில் தெரிந்தது. ஆனாலும் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. செய் என்பாள், வா என்பாள், உட்கார் என்பாள். கேட்டதில்லை. பெற்ற தாய் ஒரு சமமான மனுஷியைப்போல எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மயிர்க்கூச்செறிந்தது. கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது. அவற்றுக்கு மேலே, பெயர் தெரியாத ஒன்று.

நான் குனிந்தேன். பெட்டியின் இன்னொரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன்.

யாவாரம்

அம்மாவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதையைத் தாண்டினோம். நைனா கொஞ்சநேரம் வாசலில் நின்றுவிட்டு, தனம் எறிந்துவிட்டுப் போன கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். வழியில் பெயர் வெட்டும் பாயின் வீட்டில் நின்று அவரையும் கூட்டிக்கொண்டோம். கூலிக்கு அம்மாவின் பழைய தவலை ஒன்று என்று பேச்சு.

தனம் கருகிய சுவரில் மண் பூசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"மறுபடியும் கொண்ணாந்துட்டியா? உனக்கு மானமில்லியாமே?"

"குடுக்க வரல. மாத்திக்க வந்துருக்கேன்," என்றாள் அம்மா. "ஒண்ணுக்கு ஒண்ணு. என் பழச நான் எடுத்துக்கினு போறேன், நீ புதுச எடுத்துக்கோ."

"பழசுக்குப் புதுசா? பைத்தியம் புட்ச்சிருக்குதா?"

"துணிக்காரன் கிழிஞ்ச பேண்ட்டுக்குச் சொம்பு குடுக்குறான். அவனுக்குப் பைத்தியமா?"

"அவன் யாவாரி!"

"நானும் யாவாரத்துக்குத்தான் வந்தேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "எம் பேர எங்கிட்ட குடுத்துரு, தனம். தெரியாம உங்க ஊட்டுல எல்லாம் வெச்சிட்டேன். திருப்பிக் குடுத்துரு."

தெரு கூடிவிட்டது.  தனம் மண் அப்பிய கையோடு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வைக்கோலை விலக்கினாள். அந்தப் பெட்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு பெண் இருந்தாள், எரிந்துபோன ஒரு பெட்டி இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உன் சீருடி ரூபி."

"ஆமாம் அத்தை," என்றேன். "அதுல பேரு இல்ல."

அவள் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெரிய குண்டானைத் தூக்கி வெளியே வைத்தாள்.

அதற்குப் பிறகு தெருவே வேப்பமரத்தடிக்கு வந்தது. தட்டுக்குத் தட்டு, தூக்குக்குத் தூக்கு. பழையது இந்தப் பக்கம், புதியது அந்தப் பக்கம். பெட்டியில் இருந்ததெல்லாம் வெளியே வந்தபோது வெயில் அவற்றில் விழுந்தது. கரிபிடித்த சுவர்களில் வட்டம் வட்டமாக வெளிச்சம் எழுந்து ஆடியது. ஒரு சுவருக்கு ஒரு நிலா. பட்டப்பகலில், தீ தின்ற இடத்தில். நான் கோயில் ஜன்னலில் வண்ணக் கண்ணாடி பார்த்திருக்கிறேன், பண்டிகைக்கு ஏற்றும் மெழுகுவர்த்திகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்றதுபோல எங்கும் நின்றதில்லை.

பாய் கோணிப்பையை விரித்தார். பெயர்களைச் சாக்பீஸால் எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார், எழுதியதன்மேல் அவர் உளி நடக்கும்.

"மொதல்ல யாரும்மா? இன்ஷியலு இன்னா?"

முதலில் வந்தது கன்னியம்மா என்கிற சின்ன வயசுக்காரி. இன்ஷியல் என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்?

"சொன்னாத்தானேம்மா வெட்ட முடியும்?"

"அவரு பேருதான்... தோ, ஊரு எல்லையில அருவா புட்ச்சிக்கினு குந்தியிருக்குமே..."

"முனீஸ்வரனா?"

"கடைசில சாமின்னு வரும்."

"முனுசாமியா?"

"அத்த நீயே சொல்லிட்ட பாய், நான் சொல்லல!"

தெரு சிரித்தது. தீக்குப் பிறகு அந்தத் தெரு சிரித்து நான் கேட்டது அப்போதுதான். தனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெரிய குண்டானைப் பாயின் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"இன்ஷியலும் வோணாம் ஒண்ணும் வோணாம். அடுப்புல வேவறது நானு. எம் பேர மட்டும் வெட்டு."

பாய் என்னைப் பார்த்தார். நான் முழங்காலிட்டேன். எத்தனையோ நாள் மூச்சு விட்டு என் பெயரை எழுதிப் பார்த்த அதே வயிற்றில், சாக்பீஸால் எழுதினேன்: தனம். 

டிக். டிக். டிக்கிடிக்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. பாய் முடித்ததும் புள்ளிகளின்மேல் விரலை வைத்து, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை மெதுவாகத் தடவினாள். முடிவுக்கு வந்ததும் மறுபடியும் ஆரம்பத்துக்குப் போனாள். "இதுதானா நானு?" என்றாள். அம்மாவிடம் கேட்டாளா, குண்டானிடம் கேட்டாளா, தெரியவில்லை.

அவளுக்குப் பிறகு யாருமே இன்ஷியல் சொல்லவில்லை. கன்னியம்மாகூட. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். சாமான் குறையக் குறைய என் மனதில் கனம் குறைந்தது என்று எழுதினால் வாசகர்கள் சந்தோஷப்படுவீர்கள். அப்படி நடக்கவில்லை. ஒவ்வொன்றும் போகும்போது சுருக்கென்றது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் மலர்ந்தது. சுருக்கென்றதும் மலர்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. கொடுப்பது என்றால் அதுதானோ என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது.

கடைசியில் வெறும் பெட்டி மிஞ்சியது. கோழி அடைக்கத் தோதாக இருக்கும் என்று அதையும் ஒருத்தி கேட்டாள். அம்மா கொடுத்தாள். நைனா தலையில் அடித்துக்கொண்டார், சிரித்துக்கொண்டேதான்.

கொஞ்சம் முன்னால் ஓடிவிட்டுத் திரும்புகிறேன்

கல்யாணம் நிற்கவில்லை. அடுத்த நாளே நைனா வேப்பம்பட்டுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சம்பந்தி அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். புதுசாக ஒரு தட்டுகூடவா இல்லை என்றார். மாப்பிள்ளை மட்டும் ஒரு கேள்வி கேட்டாராம்: "அந்தப் பாத்திரத்துல சோறு வேவுமில்ல?"

வேகும் என்றார் நைனா.

"அப்புறம் இன்னா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவரே நம்ப மாட்டார். வேப்பம்பட்டில் மாமியார் அந்த முகத்தைக் கீழே இறக்க நாளாயிற்று. அதெல்லாம் தனி அத்தியாயம்.

பொழுது சாய்ந்தபோது

வேப்பமரத்துக்குத் திரும்புகிறேன். பாய் உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு, தவலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருவில் அடுப்புகள் புகைந்தன. கான்ட்ராக்ட் கூலிக்கு ஞாயிறு லீவு கிடையாது; ஏழுமலை வேலையிலிருந்து வந்தார். யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. தனம் புதுத் தூக்கை மட்டும் நீட்டினாள். அவருக்குக் கொஞ்சம் எழுத்து தெரியும். விளிம்பைத் திருப்பிப் பார்த்தார், எழுத்துக் கூட்டினார், பிறகு தூக்கை வெயில் இருந்த பக்கம் சாய்த்து இன்னொரு தரம் கூட்டினார். நைனாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நைனாவும் அசைத்தார். ஆண்கள் அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

நாங்கள் பழையவற்றை மூட்டை கட்டினோம். அம்மா தன் பெயரை எல்லாம் கூட்டி அள்ளி முதுகில் ஏற்றிக்கொண்டாள். குனிந்தபோது அவள் வயசு தெரிந்தது. தண்டவாளம்வரை தனம் கூடவே வந்தாள்.  தனம் இடப்பக்கம், அம்மா வலப்பக்கம், நடுவில் ஒரு முழ இடம்கூட இல்லாமல் நடந்தார்கள்.

பாதையின் இந்தப் பக்கம் வந்து அம்மா திரும்பிப் பார்த்தாள்.  தனம் அந்தப் பக்கம் நின்றபடி, மண் காய்ந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்.

"ஏ எஸ்தரு! பொண்ணு கல்யாணத்துக்குச் சோறாக்கக் குண்டான் பத்தலன்னா எங்கிட்ட வந்து கேளு, குடுக்குறேன். ஆனா ஆக்கி முடிச்சதும் கழுவித் திருப்பிக் குடுத்துரணும், ஆமா!"